சத்தியபாமா ரீச்சரின் இழைமணிகள்

ஊர்காவற்றுறையில் சத்தியபாமா ரீச்சரிடம் உயிரியல் படித்தவர்கள் அவரை மறந்ததில்லை, அன்பினால் அல்ல. மைற்றோகொண்ட்ரியா எனப்படும் இழைமணியின் உள்மென்சவ்வில் ஒரு மடிப்பைக் குறைத்துக் கீறியதற்காக, மனோகரி என்ற மாணவியை மத்தியானம் வரை வெயிலில் முழங்காலில் நிற்கவைத்தார்.

"கலத்துக்குச் சக்தி வாறதே அந்தச் சவ்வாலைதான். அது போனால் நீ பிணம்" என்றார்.

அந்த மனோகரியைத்தான் பிற்காலத்தில் ரீச்சரின் தம்பி தியாகலிங்கம் விரும்பிக் கட்டினான். கலியாணம் செய்யாத ரீச்சரும் அதே வீட்டில் இருந்தார். மனோகரி ஒருநாளும் "மச்சாள்" என்றதில்லை. "ரீச்சர்" என்றே கூப்பிட்டாள்.

ஓய்வுபெற்று இரண்டு வருசத்தில், எண்பத்தெட்டில், ரீச்சருக்குக் கால்கள் கனத்தன. கிணற்றடிக்குப் போய்வர இரண்டு தரம் குந்த வேண்டியிருந்தது. பிறகு இமைகள் விழத் தொடங்கின. விரலால் தூக்கிப் பிடித்துத்தான் பேப்பர் வாசித்தார். வேலைக்குக் கள்ளம் என்றாள் மனோகரி. தியாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனான்.

"வயது போகப் போக எல்லாருக்கும் அந்த உள்சவ்வு பழுதாகும், ரீச்சர்" என்றார் டாக்குத்தர். "சக்தி செய்யிற புரோத்தன் துணிக்கையள் அதாலை ஒழுகும். சாப்பாடு எரியும், சூடு வரும், வேலைக்குச் சக்தி சேராது. உங்களுக்கு அது கெதியா நடக்குது."

"மருந்து?" என்று கேட்டார் ரீச்சர்.

"இல்லை."

தியாகலிங்கம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

தொண்ணூறு ஆவணியில் இலங்கை ஆமி ஊர்காவற்றுறைத் தீவுக்குள் இறங்கியது. ஷெல் விழ விழச் சனம் ஆழமில்லாத களப்புக் கடலுக்குள் இறங்கி, அக்கரையிலுள்ள அராலிப் பக்கம் நடந்தது. தியாகலிங்கம் சைக்கிள் கரியரில் தையல் மெசினை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் கரியரிலை இருப்பன்" என்றார் ரீச்சர்.

அவன் கயிற்றை இறுக்கினானே தவிர நிமிரவில்லை. மனோகரிதான் மறுமொழி சொன்னாள்.

"சவ்வு ஒழுகுது, ரீச்சர். இடுப்பளவு தண்ணியிலை ஆளோடை சைக்கிள் உருளாது, நடக்க உங்களுக்குச் சக்தி எங்கையிருந்து வரும்? மெசினைக் கொண்டுபோனாலாவது சீவிக்கலாம்."

"இரண்டு நாளிலை வந்து கூட்டிக்கொண்டு போறன், அக்கா" என்றான் தியாகலிங்கம்.

அவர்கள் ஒழுங்கையில் திரும்பியதும் ரீச்சர் எழுந்து நடந்தார். படலை வரை போனார். தொடை இரண்டும் நெருப்பாய்க் கொதித்தன. அடுத்த அடி வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று அவருக்கு ஒவ்வொரு படியாகத் தெரியும். தெரிந்தபடியே மண்ணில் இருந்தார்.

மூன்றாம் நாள் ஆமி அவரைத் தூக்கிப்போய், விடுபட்ட கிழடுகளோடு தேவாலயத்தில் விட்டது. அங்கே செபஸ்தியம்மா என்ற மீன்காரக் கிழவி அவருக்குக் கஞ்சி பருக்கினாள்.

"நடந்தால்தான் பலம் வரும், எழும்பும்" என்று தினமும் கையைப் பிடித்து இழுத்தாள். ஒருநாள் அப்படி இழுத்ததில் ரீச்சர் விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு பாயைவிட்டு எழும்பவில்லை.

தொண்ணூற்றிரண்டில் செஞ்சிலுவைக்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். தேவாலயத்துக்கு எழுதியது. செபஸ்தியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ரீச்சரிடம் நீட்டினாள். ரீச்சர் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"என்னவாம்?"

"என்ரை தம்பி எழுதியிருக்கிறான். நான் செத்த தேதி வேணுமாம், திவசம் குடுக்க."

செபஸ்தியம்மா பேனை தேடிக் கொடுத்தாள். 'இருக்கிறேன். நடக்க ஏலாது. வந்து கூட்டிக்கொண்டு போ' என்று ரீச்சர் எழுத, அரைமணிநேரம் எடுத்தது.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று செஞ்சிலுவைக்காரர் சொன்னார்கள். மறுமொழி வரவில்லை. ரீச்சர் இன்னும் பதினாறு மாதம் கிடந்தார்.