ஊதாத் துணி கட்டிய அண்ணை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்டில் தொடங்கி, வீதியோரம் படங்களுக்குச் சட்டம் போடும் கடையாக வளர்த்தேன். விட்பியில் மகனுக்கு வீடு, மிசிசாகாவில் மகளுக்குக் கலியாணம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கடை எதற்கு என்று சிரித்தவர்களின் பிள்ளைகளுடைய பட்டமளிப்புப் படங்களுக்கும் நான்தான் பிரேம் போட்டேன்.

மனைவி காலமான பிறகு கடையில் வானொலியும் நானும்தான். அப்போது, ஒரு கலைக்கூடத்தில் வேலை செய்யும் எங்கள் ஆட்களின் பெண் ஒருத்தி, ஜப்பானியப் படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மரப்பலகையில் செதுக்கி, நிறம் நிறமாகத் தாளில் ஒற்றி எடுத்தது. ஒரு பெண் தலை சாய்த்து நிற்கிறாள். 'அழகி' என்று பெயராம்.

அந்தப் படம் ஒரு கிழமை என் மேசையில் இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும், "என்ன பிள்ளை, குளிருதோ?" என்பேன். வேறு யாரிடம் கேட்பது? என் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போன் எடுப்பார்கள்.

ஒருநாள் லென்ஸ் வைத்து விளிம்பை அளந்தபோது, நெற்றிக்கு மேலே ஊதாத் துணித்துண்டு ஒன்று தெரிந்தது. திடுக்கிட்டேன். ஊரில் கோயில் நேர்த்திக்கு மொட்டையடித்திருந்த நேரத்தில் நான் நாடகத்தில் பெண் வேஷம் போட்டபோது, பொய்முடி வைத்து, என் முன்தலைக்கும் இப்படித்தான் துணி கட்டினார்கள். நான் இவ்வளவு நாளும் பிள்ளை என்று கூப்பிட்டது ஓர் ஆம்பிளையை!

உடனே அந்தக் கலைக்கூடத்துப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, உது பொம்பிளை இல்லை. நடிகன்."

"அங்கிள், பகிடி விடாதேங்கோ. கண்காட்சி லேபிள் எல்லாம் பிரின்டுக்குப் போகப்போகுது."

"வழிச்ச முன்தலையை மறைக்கத்தான் உந்தத் துணி. உங்கட படிச்ச ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டார்கள். நான் சொன்னதுதான் சரி. அவர்களுடைய கபுகி நாடகத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே நடிப்பார்களாம். அந்த நடிகர்களுக்கு முன்தலையை மழிக்கச் சொல்லி ஒரு காலத்தில் அரசாங்கமே கட்டளை போட்டதாம்.

அடுத்த காலை, "என்ன அண்ணை?" என்றேன். கூச்சமாக இருந்தது. மாலையில் படத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் மேசையைத் துடைத்துவிட்டு வானொலியைப் போட்டேன்.

கண்காட்சி தொடங்கிய அன்று கோட் போட்டுக்கொண்டு போனேன். சுவரில் இருந்த குறிப்பை அந்தப் பெண் வாசித்துக் காட்டினாள்: இவர் நடிகர் என்பதை ஊதாத் துணியை வைத்துக் கண்டறிந்தது கலைக்கூட ஆய்வுக் குழு.

"குழுவெண்டால் ஆர்?"

"அது... டீம் வேர்க், அங்கிள்."

அந்த டீம் அன்று கடையில் தனியாக நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு லென்ஸில் பார்த்தது. படித்தவர்கள் கோபிக்கட்டும். நடிகனைக் கண்டுபிடித்தவர் பிரேம் போட்டவர் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் அல்ல; மற்ற வரிகளின் அளவிலேயே.