கொடியில் மடித்த இலை

போன வாரம் காரில் கடகடவென்று ஏதோ சத்தம். ஜுருவில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் தம்பி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கந்தல் மூட்டையிலிருந்து ஒரு நீலத் துணியை இழுத்துத் துடைத்தான். துணியின் நடுவில் பச்சையாக ஒரு பாதி இலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது என்ன துணி தம்பி?"

"பழைய கொடிக்கா. கவுன்சில்ல புதுக் கொடி மாத்திட்டாங்கல்ல, இதெல்லாம் கழிச்சு விட்டது. தொடைக்க ஆகும்லா."

பட்டறை முழுக்க ஆயில் வாடை. என் மூக்கிலோ பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடை ஏறியது. டத்தோ கிராமாட்டில் ஒரு சைன்போர்டு கடையில் நான் எழுத்து வரைந்துகொண்டிருந்த காலத்து வாடை அது. ஜடையில் எப்போதும் ஏதாவது ஒரு பெயின்ட் ஒட்டியிருக்கும். அதையே அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி கவுன்சில் கொடிக்குப் படம் வரையும் போட்டி வைத்தார்கள். ஊர்ச் சின்னமான பாக்கு மரம், பாலம் என்று எல்லாரும் வரைவார்கள், நாம் வேறு ஏதாவது செய்வோம் என்று வாழையிலையைப் பிடித்தேன். மலாய்க்காரர்களின் நாசி லெமா சோறும் அதில்தான், சீனக் கிழவி விற்கும் குவே பலகாரமும் அதில்தான், நம் சோறும் அதில்தான். நீலக் கடலுக்கு நடுவே, சாப்பிட்டு முடித்து மடித்த ஓர் இலை. எதிர்ப்பக்கத்துப் பாதியை நம் பக்கமாக இழுத்து மூடினால், வயிறு நிறைந்தது, மறுபடியும் வருவோம் என்று அர்த்தம். சாவு வீட்டில் மட்டும் நம் பக்கத்துப் பாதியை அந்தப் பக்கம் தள்ளி மூடுவோம். இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்பதற்காக.

"வச்சிட்டுப் போ, நானே குடுத்துர்றேன்" என்றார் என் பாஸ். கொடுத்தார், தன் பெயரில். பரிசும் வாங்கினார். பேப்பரில் நான் வரைந்த படத்தைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார்.

போய்க் கேட்டேன். "கடை என்னுது, பெயின்டு என்னுது. பேரு மட்டும் உன்னுதா?" என்றார். வயிறு பற்றி எரிந்தது. ஆனால் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

கொடி தைக்க அனுப்பும் படத்தைச் சுத்தமாக வரைந்து தரும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. வரைந்தேன். மடிப்பை மட்டும் மாற்றி, கீழ்ப்பாதியை மேலே தள்ளி மூடிவிட்டேன். பாஸ் வாழையிலைச் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிற ஆள். ஒருநாளும் தன் இலையைத் தானே மடித்ததில்லை, கடைக்காரப் பையன்தான் எடுப்பான். படத்தைப் பார்த்து "சூப்பர்!" என்று கையெழுத்துப் போட்டார்.

கொடியேற்றத்தன்று கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொடி விரிந்ததும் எனக்குப் பின்னாலிருந்து ஒரு அக்கா, "என்னடி இது, சாவு வீட்டு எலையாட்டம் இருக்கு!" என்றாள். அப்புறம் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் போனது. அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். பாயசம் குடித்ததுபோல் இருந்தது.

மறுநாள் கடையில், "வேணும்னே செஞ்சியா?" என்று பாய்ந்தார்.

"நீங்கதானே பாஸ் வரைஞ்சீங்க? பேப்பர்லகூட போட்டிருந்தாங்களே."

என்னை வேலையை விட்டுத் தூக்கினால் வரைந்தது யார் என்று சொல்ல வேண்டிவரும். அடுத்த போர்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கவுன்சில் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கொடியை அண்ணாந்து பார்ப்பேன். வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும்.

அவர் செத்தபோதும் போனேன். காரியத்துச் சாப்பாட்டில் எல்லாரும் இலையை அந்தப் பக்கம் மடித்தார்கள். நான் என் பக்கம் மடித்தேன். யார் பார்த்தார்களோ தெரியாது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது காப்பி விற்கிறார்கள்.

பட்டறைத் தம்பி துணியை பானெட் விளிம்பில் தொங்கவிட்டான், தலைகீழாக. இலை என் பக்கமாக மடிந்திருந்தது. நான் முதலில் வரைந்தது அதுதான். அவரைப் பழிவாங்கியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் என் கொடி ஒருநாள்கூடப் பறந்ததில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தம்பி அதை உருவி, இரண்டு கையையும் அழுத்தித் துடைத்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சுக்கா" என்றான்.