வாப்பா போன வேதக்கோயில்

எங்கள் ஊரில் குடிக்கிறவர் எவரும் இல்லை. கல்முனைக்குடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். அதனால் என் வாப்பா குடிக்கிறவர் என்பது எங்கள் வீட்டுக்குள்ளேயே பொத்திவைக்கப்பட்டது. பஜாரில் சின்னதாய் ஒரு புடவைக் கடை வைத்திருந்தார். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர்ப் பக்கம் போய், ஏலக்காய் மென்றுகொண்டு திரும்புவார். வாசலில் ஏலக்காய் மணந்தால் எனக்கு மூத்தவளான ராத்தா என்னை அறைக்குள் இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போடுவாள்.

ஒருநாள் வாப்பா இரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு நர்ஸ் மிஸ்ஸிதான் உம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பாண்டிருப்புப் பக்கம் கிறிஸ்தவர்களின் சின்ன வேதக்கோயில் ஒன்று இருக்கிறது, அதன் பின்மண்டபத்தில் சனிக்கிழமைகளில் குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிறார்கள், எல்லா மதத்தாரும் வருவார்கள், பெயர்கூடக் கேட்கமாட்டார்கள் என்று. என்ன மருந்து கொடுப்பார்கள் என்று உம்மா கேட்டார்.

"மருந்தில்ல. இருந்து கதைப்பாங்க, அவ்வளவுதான்."

கதைத்துக் குடி நிற்குமென்று உம்மா நம்பவில்லை. ஆனாலும் வேறு வழியும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண்தான் அங்கே வந்து வாழ்கிறவன். உம்மா அதுவரை அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. அன்றைக்குச் சொன்னார்.

"அங்க போங்க. இல்லாட்டி இந்த வாசல மிதிக்க வேணாம்."

வாப்பா போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். வீட்டில் ஏலக்காய் மணம் நின்றது. யாராவது கேட்டால் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. நானும் பொய்யை அழகாகச் சொன்னேன், அதில் எனக்குக் கொஞ்சம் கெட்டித்தனம் உண்டு.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யாரோ வாப்பாவை வேதக்கோயில் வளவுக்குள் கண்டுவிட்டார்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் அவர் வேதத்துக்கு மாறிவிட்டார் என்று கதை பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள், உன் வாப்பா சிலுவை போட்டிருக்கிறாரா என்று கேட்டாள். அவளைக் கிள்ளி வைத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் மூவர் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மதம் மாறியவர் என்று ஜமாஅத்திலிருந்து வெட்டிவிட்டால் ராத்தாவை யார் கட்டுவார்? குடிகாரன் என்று தெரிந்தால் மட்டும் யார் கட்டுவார்? யோசித்து யோசித்து உம்மா ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். அந்த மண்டபத்துக்குத் திரைச்சீலை வேண்டுமென்றார்கள், அளவெடுக்கப் போனேன் என்று வாப்பா சொல்லவேண்டும். புடவைக் கடைக்காரருக்குப் பொருத்தமான பொய். வாப்பா தலையாட்டினார்.

மூவரும் வந்து இருந்தார்கள். உம்மாவும் ராத்தாவும் அறைக்குள் மறைந்து நின்றார்கள். பிளேன்டீ கொண்டுபோனது நான். அவர்களில் கடுமையானவர் நெல் ஆலை வைத்திருந்த ஹாஜியார். அவர் செருமினாலே பிள்ளைகள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். அவர்தான் கேட்டார்.

"வேதக்கோயிலுக்குப் போறீங்களாம். மெய்யா?"

"ஓம், ஹாஜியார்."

"என்னத்துக்கு?"

திரைச்சீலை, திரைச்சீலை என்று மனதுக்குள் ஓதிக்கொண்டு தட்டோடு நின்றேன். வாப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து வாயசைத்தும் காட்டினேன். வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"நான் குடிகாரன். தனிய விட்டுப் பாத்தன், ஏலல்ல. அங்க இருக்கிறவங்க எல்லாரும் என்னப் போலதான். அவங்களோட இருந்து கதைச்சா அடுத்த கிழமை வரைக்கும் தாங்கிறன். நான் மதம் மாறல்ல."

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் ஒருவர். மற்றவர் தேநீரைத் தொடாமலே எழுந்தார். அறைக்குள் ராத்தாவின் அழுகை கேட்டது. ஒரு சின்னப் பொய்யைச் சொல்லத் துப்பில்லாத வாப்பாவை அன்று நான் மனமார வெறுத்தேன்.

ஹாஜியார் மற்ற இருவரையும் முன்னே போகச் சொன்னார். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் கதிரையை வாப்பாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"எத்தின மணிக்குத் தொடங்கும்?"

வாப்பா சொன்னார்.

"பேர் கேக்க மாட்டாங்களா? வடிவாத் தெரியுமா?"

விசாரணை இன்னும் முடியவில்லை, ஆளனுப்பிப் பிடிக்கப் போகிறார் என்று ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கும் பயம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளிவாசலிலிருந்து ஒரு கதையும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஹாஜியாரின் கடைசி மகன் எங்கள் கேட்டடியில் வந்து நின்றான். மீசை அரும்பிக் கொஞ்ச காலமே ஆன ஆள். வாப்பா ஒன்றும் கேட்காமல் அவனை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தான். வாப்பாவுக்குக் காவலாக ஹாஜியார் வைத்த ஆள் இவன் என்று முடிவு செய்து, வரும்போதெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவனை முறைப்பேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான், கைகள் நடுங்கும். என் முறைப்புக்குத்தான் அப்படிப் பயப்படுகிறான் என்று எனக்குப் பெரிய பெருமை.