இரட்டைக் கோடு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. கண்ணுக்குத் தெரியாத முனையுள்ள ஊசியைக் கருவியில் மாட்டி, சிலிக்கான் தகட்டின் மேல் கோடு வரைவதுதான் அவள் பிழைப்பு. தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அந்தக் கோட்டின் மெலிவு வராது. பக்கத்தில் யாராவது தடதடவென்று நடந்தாலே கெட்டுவிடும். அதனால் வீட்டிலும் அவளுக்குப் பூனை நடைதான். "நீ வர்றதும் தெரியல, போறதும் தெரியல" என்று கணவன் கேலி செய்வான்.

அந்தக் கணவன்தான் அவள் வேலை நிரந்தரம் ஆகப்போகிறது என்று சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டு வைத்திருந்தான். காரணம், போன மாதம் அவள் வரைந்த இரண்டு கோடுகள். அவ்வளவு நெருக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அங்கே யாரும் வரைந்ததில்லை. படத்தைப் பார்த்த பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பார்வையிட வரும் குழு அதை நேரில் பார்த்துவிட்டால் அவளுக்கு வேலை உறுதி, அவருக்குப் புதுக் கூடம்.

குழு வரும் காலையில் ஊசியை மாற்றி அதே இடத்தைப் படமெடுத்தாள். ஒரே கோடு. இரண்டும் ஒட்டிப்போன தடித்த ஒற்றைக் கோடு. வரைந்த ஊசியாலேயே தடவிப் படமும் எடுப்பது அங்கே வழக்கம். அதன் முனை வரையும்போதே இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளந்த முனை, இருக்கும் ஒன்றை இரண்டாகக் காட்டியிருக்கிறது. வேறு ஊசியால் சரிபார்க்க அன்றைக்கே தோன்றாமல் இல்லை. சந்தோஷத்தில் தள்ளிப்போட்டாள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் செத்துவிட்டது.

"பழைய ஊசி இருக்கா?"

"இருக்கு சார்."

"அதையே மாட்டும்மா. அவங்க போனப்புறம் பாத்துக்கலாம்."

"தப்பில்லையா சார்?"

"உன் வேலைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பழைய ஊசியை மாட்டினாள். திரையில் மறுபடி இரண்டு கோடுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நேரம் பார்த்துக் கணவனின் செய்தி வந்தது: "முடிஞ்சுதா? எங்கக்கா கேட்டுட்டே இருக்கு."

ஊசியைக் கீழே இறக்கினாள். தகட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும், அவள் நிறுத்தவில்லை. முனை சத்தமில்லாமல் நொறுங்கியது.

பேராசிரியர் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். "காட்டும்மா."

"ஊசி ஒடைஞ்சுடுச்சு சார்."

"எப்படி?"

"நான்தான் ஒடைச்சேன்" என்றாள். "வேற ஊசியில எடுத்த படம் இருக்கு. அதுல ஒரே கோடுதான். காட்டட்டுமா?"