தாய்மாமன் வராத கல்யாணம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பண்டமாரானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது இது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். கோலாலம்பூரில் ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை. எந்தக் கும்பல் எந்த வழியில் ஏமாற்ற வருகிறது என்று துப்புத் தேடி, நிறுவனங்களை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். வீட்டில் யாருக்கு என்ன செய்தி வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்த வாரம் முழுக்கப் போலிக் கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போல வரும். தட்டினால் கைப்பேசியே அவர்கள் வசமாகிவிடும். லோரி ஓட்டும் என் அப்பா அன்று தன் கைப்பேசியை நீட்டினார். தெரியாத எண், படமும் இல்லை. ‘அண்ணே, பாப்பாவுக்குக் கல்யாணம், கண்டிப்பா வரணும்’ என்று ஒரு வரி. கீழே ஓர் இணைப்பு.

“உன் அத்தையா இருக்குமோ?” என்றார். அத்தை அவருடைய ஒரே தங்கை, தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிறார். தாத்தாவின் காரியத்தன்று வந்த சண்டைக்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சில்லை; அவருடைய இப்போதைய எண்கூட எங்களிடம் கிடையாது.

“ஸ்கேம்லா இது, பா. பேரு கூடப் போடல பாருங்க. அண்ணேன்னு கூப்பிட்டா நீங்க உருகிடுவீங்கன்னு அவனுக்குத் தெரியும்.”

“நீ சொன்னா சரி.”

அலுவலகத்தில் இப்படி ஓர் இணைப்பு வந்தால், அதற்கென்று இருக்கும் தனிக் கணினியில் திறந்து பார்க்காமல் முடிவு எழுத மாட்டேன். அன்று தோசையைத் தின்றுகொண்டே, அழைப்புகூட வராதபடி அந்த எண்ணை பிளாக் செய்தேன். ஒரு தடவை அழைத்துக் கேட்டிருக்கலாம்.

சில மாதம் கழித்து, நானும் அப்பாவும் மீன் வாங்கப் போன கிள்ளான் பாசாரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவை மறித்தார். “என்னய்யா, தங்கச்சிய பிளாக் பண்ணிட்டு இங்க ஜாலியா மீன் வாங்குறே? மேடையில ஐயர் தாய்மாமன் எங்கேன்னு கேட்டாரு. பக்கத்து வீட்டுக்காரன் போய் நின்னான்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் பையோடு நேராக அத்தை வீட்டுக்குக் காரை விட்டார்.

வாசலில் நின்றபடியே, “போன்ல எதையோ தப்பா அமுக்கிட்டேன்மா” என்றார்.

“நேர்ல வந்து வெத்தல பாக்கு வைக்கப் பயமா இருந்துச்சுண்ணே, கதவச் சாத்திட்டீங்கன்னா? அதான் மெசேஜ் போட்டேன். அப்புறம் போன் அடிச்சா போகவே இல்ல. என்னைத் தலைமுழுகிட்டீங்கன்னு நினைச்சேன்.” பிறகு அத்தை என்னைப் பார்த்தார். “நீ படிச்ச பிள்ளைதானே? அப்பாவுக்கு ஒரு போன் பார்க்கச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?”

பேசாதே என்பதுபோல அப்பா என் கையை அழுத்தினார். “நான்தான் அத்தை பிளாக் பண்ணேன்” என்று சொல்லிவிட்டேன். அத்தை திட்டியிருந்தால் தேவலை. “சரி, உள்ள வாங்க, டீ போடறேன்” என்றார்.

கூடத்தில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், மாமன் நிற்கும் இடத்தில் யாரோ ஒருவர். டீ ஆறும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இரு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. நான் அனுப்பும் எச்சரிக்கை பிழை என்று தெரிந்தால், திருத்தி மறுபடி அனுப்பிவிடுகிறேன். அந்தப் படத்தில் அப்பா இல்லாததை எப்படித் திருத்துவதென்றுதான் இன்னும் தெரியவில்லை.