நனைந்த ரோட்டில் நின்ற பஸ்

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, போனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்குள் நல்ல மழை. குறுக்கே மாடு வந்தது. விரலால் பிரேக்கைத் தொட்டார். அவ்வளவு வேகத்தில் வந்த பஸ் ஆணியடித்த மாதிரி நின்றது.

"அசல் வண்டி மாதிரியே பண்ணிருக்கான் பாத்தீங்களா" என்று என்னிடம் காட்டினார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மழை விட்டிருந்தது. எங்கள் டிரைவர் பிரேக் போட, ஈர ரோட்டு மணமும் சூடேறிய பிரேக்கின் கருகல் மணமும் சேர்ந்து உள்ளே வந்தன. அந்தக் கருகல் மணம் எனக்குச் செல்லையா மாமாவின் காக்கிச் சட்டை மணம்.

மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். இதே தடத்தில் பிரைவேட் பஸ் ஓட்டியவர். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கொடியில் போடுவார். அந்தப் பக்கம் போனாலே மூக்கில் ஏறும். அத்தை திட்டிக்கொண்டே துவைப்பாள். நான் காலேஜ் படிக்கும்போது அந்தச் சட்டை கொடியைவிட்டு இறங்கிவிட்டது.

ஐப்பசி மழை. கரிவலம்வந்தநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்திருக்கிறது. பின்தங்கிய குட்டியைப் பிடிக்க ஆட்டுக்காரர் திடீரென்று குறுக்கே ஓடினார். மாமா முழு பலத்தில் பிரேக்கை மிதித்தார். பஸ் நிறைய ஆள். சக்கரம் நின்றுவிட்டது, பஸ் நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய் அவர் மேல் ஏறிவிட்டது. அவர் அங்கேயே இறந்துபோனார்.

வழக்கில் மாமா மேல் தப்பில்லை என்று வந்தது. ஆனால் மாமாவைத் தேற்றியது கோர்ட் இல்லை. இறந்தவரின் மனைவி, கரிவலத்துப் பேச்சியம்மாள், காரியம் முடிந்த அன்று அவரிடம், "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, அந்த மழையில எந்த வண்டி நிக்கும்?" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மாமா சோறு தின்றார். ஸ்டியரிங்கை மட்டும் அப்புறம் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்துகொண்டார்.

இதற்கிடையில் நான் சென்னையில் போன் கேம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எனக்கு டிரைவிங் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் பஸ் எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை எனக்கு! எடை, வேகம், திருப்பத்தில் சாய்வு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானத்துக்கு ஒரு எண். ஈர ரோட்டுக்கு அந்த எண்ணைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தினார்கள். "மழை கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்ப்பா, வண்டி நிக்கணும். இல்லன்னா விளையாடுற ஆள் விட்டுட்டுப் போயிருவான்" என்றார் என் மேலாளர். நான் ஈர ரோட்டுக்கும் காய்ந்த ரோட்டின் எண்ணையே போட்டேன். திரையில் மழை மட்டும் பிரமாதமாகப் பெய்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பெருமை தாங்காமல் அதை மாமாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். "அசல் வண்டிதான் மாமா. ஒவ்வொண்ணும் கணக்குப் போட்டு வச்சது" என்றேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் மறுபடி வண்டி ஓட்டுகிறாரே என்று அத்தைக்கும் சந்தோஷம்.

பொங்கலுக்கு வந்தேன். மாமா மெலிந்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார். மழை, நிறைய ஆள், விபத்தன்று வந்த அதே வேகம்.

"பாரு மருமவனே" என்று பிரேக்கை அழுத்தினார். பஸ் நின்றது. "எப்படி மிதிச்சாலும் நிக்குது. அப்போ நாந்தான் சரியா மிதிக்கல, என்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பேச்சிகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். நான் நிப்பாட்டிருக்கலாம் போலம்மான்னு. அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா."

"மாமா, அது பொய் மாமா. நாந்தான் மாத்தி வச்சேன்" என்றேன். மேலாளர், எண், பிடிமானம் என்று என்னென்னவோ உளறினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து, ஈரத்துக்கு உண்டான எண்ணைத் திரும்பப் போட்டேன். தேய்ந்த டயர், நிறைந்த பஸ், எல்லாம் சரியாக வைத்து ஓட்டிக் காண்பித்தேன். பஸ் வழுக்கிக்கொண்டே போய், வெகுதூரம் தள்ளி நின்றது.

மாமா என் தோளில் கை வைத்தார். "எனக்காக மாத்துதியாலே?"

"இல்ல மாமா, இதுதான் நிஜம்."

"தீவாளிக்கும் கணக்குன்னுதானலே சொன்ன" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் சென்னைக்கு ஓடிவிட்டேன். புது வேலை, புது கேம். லீவு கிடைக்கவில்லை என்று அத்தையிடம் சொல்வேன், ஆனால் லீவு இருந்தது.

மாமா சித்திரையில் இறந்துபோனார். துஷ்டி வீட்டில், பந்தல் ஓரம் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வயதான பொம்பளை என்னிடம் வந்தாள். பேச்சியம்மாள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"நீங்கதானா அந்த பஸ் விளையாட்டு பண்ணுன தம்பி?"

தலையாட்டினேன்.

"நெசமா நிக்குமா? நிக்காதா?"

"நிக்காதும்மா. யார் மிதிச்சாலும் நின்னிருக்காது."

"இத அவர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல."

அவள் மாமா கிடந்த பக்கம் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்லா தம்பி. நான் போய்ச் சொன்னா நம்பிருப்பாரே" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அத்தனை கணக்குப் போட்டவனுக்கு, கரிவலம் பஸ்ஸில் ஏறி அந்த வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் ஆடியது வேறு யாரோ செய்தது. என் கேம் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை, கம்பெனியையே மூடிவிட்டார்கள். பேச்சியம்மாள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தை மாமாவின் போனைப் பழையது எடுக்கிறவனிடம் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், "ஏலே மருமவனே, வந்துட்டியா" என்று நேரம் சொல்லும் மேசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்த இடத்தில் இன்று யாரும் உட்காருவதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், நேராக வெளியே வந்துவிடுகிறேன்.