பத்தியத்தில் இல்லாத தண்ணீர்

கேள், எழுது, கிளம்பு. பிள்ளை பெற்ற பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப் பால் கொடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வில், எனக்குச் சொல்லப்பட்ட விதி அவ்வளவுதான். புத்திமதி சொல்லக் கூடாது. இருபது வருடம் தாதியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, இருந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி? வாயைக் கட்டிக்கொண்டுதான் போவேன். பாதி வீடுகளில் கட்டு அவிழ்ந்துவிடும்.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறுந்தே போனது. தலைப்பிரசவம், ஐந்து வாரக் குழந்தை. உதவிக்கு இரு பக்கமும் பெரியவர்கள் இல்லை. கணவன் லோரி ஓட்டுகிறவன். லீவு போட்டு, கூட ஓட்டும் அண்ணன்மாரிடம் பத்தியம் கேட்டு எழுதிவந்து, தானே சமைத்தான். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கருவாடு. வாசலிலேயே மணத்தது.

ஆனால் பிள்ளையின் எடை, நான் முன்பு வந்தபோது இருந்த இடத்திலேயே நின்றது.

"பால் பத்தல மிஸ்ஸி. நாளைக்கே மாவுப் பால் வாங்கிடலாம்னு சொல்றாரு" என்று அந்தப் பெண் அழுதாள். தாய்ப்பால்தான் கொடுப்பேன் என்று பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்திருந்தவள்.

கேள்விகள் அச்சிட்ட பாரத்தை எடுத்தேன். நேற்று சோறு? உண்டு. மீன்? உண்டு. முட்டை? உண்டு. கிள்ளானிலேயே நன்றாகச் சாப்பிடும் தாய் இவள்தான் என்றது என் காகிதம். குறை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அவன் எனக்கு ஒரு பெரிய கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தான். நான் குடித்து முடிக்கும்வரை அவள் கண் என் கிளாஸை விட்டு நகரவில்லை.

"நீ தண்ணி குடிக்கிறியாம்மா?"

அவன்தான் பதில் சொன்னான். "காலையில ஒரு சின்ன டம்ளர், சாயந்தரம் ஒன்னு. அதுக்கு மேல குடிச்சா வயிறு வத்தாதாம். நான்தான் அளந்து குடுக்கிறேன் மிஸ்ஸி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் மட்டுமல்ல. தட்டில் இருப்பதையெல்லாம் கேட்கும் எங்கள் பாரத்தில் தண்ணீருக்கு ஒரு வரி இல்லை. எத்தனை வீடுகளில் இப்படிக் கேட்காமல் வந்தேனோ!

கத்தியிருப்பேன். ஆனால் ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

"சீரகத் தண்ணி குடுக்கலாமா தம்பி?"

"அது மருந்து லா மிஸ்ஸி. தாராளமா குடுக்கலாம்."

"அப்போ ஒரு பானை நிறையப் போடு. பால் குடுக்கிறப்பல்லாம் பெரிய கிளாஸ்ல ஒன்னு. இன்னொன்னும் கேட்டுக்க. வெறும் தண்ணியும் குடிக்கலாம். தண்ணியால வயிறு தொங்காது. நாளைக்கே பிள்ளையையும் இவளையும் கிளினிக்குக் கூட்டிட்டுப் போ."

அவன் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுவந்தான். அவள் மூச்சு விடாமல் குடித்தாள். இரண்டாவது கிளாஸ். மூன்றாவது. அவன் பானையைப் பிடித்தபடி நின்றான்.

"இவ்ளோ தாகமா? ஏன் சொல்லல?"

"எனக்காக லீவு போட்டு, பாத்துப் பாத்து சமைக்கிறீங்க. அதுல எப்படிக் குறை சொல்றது?"



தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தாகத்தில் தலை சுற்றி, பிள்ளையை அடிக்கடி மார்பில் அணைக்கவும் அவளுக்குத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறது. கிளினிக்கில், பால் கொடுக்கும்போது பிள்ளையைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த முறை நான் போனபோது எடை ஏறியிருந்தது, தாய்ப்பாலிலேயே.

விதியை மீறியதற்கு மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இப்படி ஒரு வீட்டைத் திரும்பவும் பார்த்தால் திரும்பவும் சொல்வேன், தண்ணீர்க் கேள்வியைச் சேருங்கள்" என்றேன். அங்கீகரித்த பாரத்தை மாற்ற முடியாதாம். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு ஓரத்தில் எழுதுகிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.

போன வாரம் அந்தத் தம்பி போன் செய்தான். கூட ஓட்டும் ஒருவரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

"நேரா அவங்க வீட்டுக்கே போனேன் மிஸ்ஸி. என் பொண்டாட்டிய நானே தாகத்துல போட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். வெக்கமாதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு குடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கல."